பழைய புல்லட்டில் ஹைட்ராலிக் லிஃப்டர்: போடலாமா, விடலாமா?

எங்கள் தெருவில் இரண்டு புல்லட் நிற்கின்றன. என்னுடையது 1980களில் வந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் 350. எதிர்வீட்டுத் தம்பியுடையது யூ.சி.இ. இன்ஜின், அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் புது வகை, வந்த பிறகு வாங்கியது. காலையில் அவன் வண்டியை எடுத்தால் சைலன்சர் சத்தம் மட்டும்தான் கேட்கும். என் வண்டியிலோ கூடவே, இன்ஜினுக்குள் வால்வைத் தூக்கிவிடும் டேப்பட் தையல் மெஷின் ஓடுவது போலத் தட்டும். அவனுடையதில் அந்த வேலைக்கு எண்ணெய் நிரம்பிய ஹைட்ராலிக் லிஃப்டர், என்னுடையதில் கெட்டி டேப்பட். அதையே நம் வண்டியிலும் போட்டால் என்ன என்று தண்டையார்பேட்டை மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "இன்னா தம்பி, துட்டு துள்ளுதா?" என்றார்.

கெட்டி டேப்பட் வெறும் இரும்புத் துண்டு. சுழலும் முட்டை வடிவக் கேம் தூக்கினால், புஷ்ராட் என்ற கம்பி வழியாக வால்வைத் தூக்கும், இறக்கினால் இறங்கும். தேய்மானத்தை நாம்தான் புஷ்ராட் அடியில் இருக்கும் அட்ஜஸ்டர் நட்டில் சரிசெய்ய வேண்டும். ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் பிளஞ்சர் என்ற சின்ன பிஸ்டனும், எண்ணெயைத் திரும்ப விடாத ஒரு சின்ன வால்வும் உண்டு. உள்ளே அடைபடும் எண்ணெய், இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் யூ.சி.இ.யில் டேப்பட் செட்டிங் என்ற வேலையே இல்லை.

சிக்கலே அந்த எண்ணெய்தான். பழைய இன்ஜினில் டேப்பட் ஏறி இறங்கும் கைடுக்கு அழுத்தத்தோடு எண்ணெய் வரும் துளை கிடையாது, தெறிப்பதில் நனைவதோடு சரி. லிஃப்டர் போட வேண்டுமானால் புதிதாக வழி துளைக்க வேண்டும், சூட்டில் நிற்கும்போதும் பம்ப் அழுத்தம் தர வேண்டும், எண்ணெயும் நன்றாக வடிகட்டி வர வேண்டும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்து பாருங்கள். எண்ணெய் தண்ணீராக இளகும், ஐடிலில் அழுத்தம் இன்னும் விழும். அப்போது லிஃப்டர் அமுங்கி, எந்தச் சத்தத்துக்குப் பயந்து மாற்றினோமோ அதே சத்தம் திரும்ப வரும். கெட்டி டேப்பட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்தது கேம். கெட்டி டேப்பட்டுக்கென வெட்டிய கேமில், இடைவெளியை மெல்ல அடைக்க ஒரு சிறு சரிவு இருக்கும். இடைவெளியே இல்லாத லிஃப்டரை அதன் மேல் வைத்தால் அந்தச் சரிவிலேயே இன்ஜின் வால்வு திறந்துவிடும், மூடவும் தாமதமாகும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். புல்லட்டின் 'டுக் டுக்' ஐடில் அங்கேயே கெடும். ஆகவே லிஃப்டரோடு அதற்கேற்ற கேமும் வேண்டும். எந்த வகையானாலும் சரி, தேய்ந்த டேப்பட்டைப் புதுக் கேமோடு சேர்க்காதீர்கள். புதுக் கேமையும் அது தின்றுவிடும்.

புஷ்ராட் நீளமும் மாறும். பிளஞ்சர் அதன் ஓட்டத்தின் நடுவாக்கில் உட்கார வேண்டும். கார் இன்ஜின்களில் பொதுவாக 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை அமுக்கி வைப்பார்கள். நீளம் கூடினால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். குறைந்தால் தட்டும். இதில் பழைய புல்லட்டின் அலுமினியப் புஷ்ராடை நான் ரசிக்கிறேன். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சிலிண்டர் வளர வளர ராடும் கூட வளர்வதால், குளிர்ந்த இன்ஜினில் இடைவெளி விடாமலே செட் செய்யலாம்.

ஸ்பிரிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரொம்ப விறைப்பாக இருந்தால் லிஃப்டரை அமுக்கும், தளர்ந்தால் வேகத்தில் வால்வு கேமோடு சேர்ந்து மூட முடியாமல் மிதக்கும். லிஃப்டரோடு வரும் அளவையே போடுங்கள்.

யூ.சி.இ. இன்ஜினையே தூக்கி வைத்தால் என்ன என்பார்கள் சிலர். சேஸிஸில் மவுண்ட் வேறு, ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண்ணையும் மாற்ற வேண்டும். அந்தப் பாட்டுக்கு யூ.சி.இ. வண்டியையே வாங்கிவிடலாம். சத்தமும் வேண்டாம், ஸ்பேனரும் பிடிக்க வேண்டாம் என்பவருக்கு அதுதான் சரி. லிஃப்டர் போனால் மட்டும் நட்டைத் திருகிச் சமாளிக்க முடியாது, புதிதுதான்.

நான் கெட்டி டேப்பட்டிலேயே நின்றுவிட்டேன். இரண்டு கேமும் இரண்டு டேப்பட்டும் புதிதாகப் போட்டோம். கவரை மூடும் முன் அண்ணன் புஷ்ராடை என் விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். லேசாகச் சுற்றியது, மேலும் கீழும் ஆடவில்லை.