வியூகத் தலைமைப் பயிற்சி: முடித்து ஆறு மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஒப்படைத்த வேலையைப் பிசகின்றி முடிப்பவர், ஆனால் அடுத்த மூன்றாண்டுகளைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை என்று என் மேலதிகாரி ஆண்டு மதிப்பீட்டில் எழுதியிருந்தார். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த எனக்கு அந்த வரி வலித்தது. உண்மையாக இருந்ததால் இன்னும் வலித்தது. அதனால்தான் இடைநிலை மேலாளர்களுக்காக இணையவழியில் எட்டு வாரங்கள் நடத்தப்படும் இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன்.

முதல் இரண்டு வாரங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1979இல் முன்வைத்த, ஒரு தொழிலின் போட்டியைத் தீர்மானிக்கும் ஐந்து விசைகள் போன்றவற்றை ஸ்லைடுகளில் காட்டி விளக்குகிறார்கள். ஓரளவு வாசிப்பு உள்ளவர்களுக்கு அவை பழகியவையே.

பயிற்சியின் உயிர் மூன்றாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. 1985இல் நினைவகச் சில்லுத் தொழிலில் ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியால் இன்டெல் திணறிக்கொண்டிருந்தபோது, நம்மை நீக்கிவிட்டுப் புதிய தலைவர் ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று அதன் தலைவர் ஆண்டி குரோவ் தலைமைச் செயல் அதிகாரி கார்டன் மூரிடம் கேட்டார். நினைவகச் சில்லுகளைக் கைவிடுவார் என்பது மூரின் பதில். அதை நாமே செய்யலாமே என்று முடிவெடுத்து, இருவரும் நிறுவனத்தைக் கணினியின் மூளையாக இயங்கும் நுண்செயலிகளின் பக்கம் திருப்பினார்கள். பயிற்றுநர் இந்தக் கதையோடு நிறுத்தாமல், அதே கேள்வியை எங்கள் பிரிவுக்குக் கேட்டு ஒரே பக்கத்தில் பதில் எழுதச் சொன்னார்.

என் பிரிவு வாரந்தோறும் பதினான்கு அறிக்கைகளைத் தயாரித்து வந்தது. ஒவ்வொன்றையும் வைத்து யார் எந்த முடிவை எடுக்கிறார்கள் என்று விசாரித்தபோது, ஒன்பது அறிக்கைகளுக்குப் பதிலே கிடைக்கவில்லை. அவற்றை நிறுத்த அனுமதி பெற்று, அதனால் நேரம் மிச்சமான இருவரை, ஒரே புகார் மீண்டும் மீண்டும் வருவதன் காரணங்களை ஆராயும் வேலையில் அமர்த்தினேன். அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, நிதிப் பிரிவின் தலைவர் முதன்முறையாக என் கருத்தைக் கேட்டார். நான் அதுவரை எவ்வளவோ வேலைகளைக் கூடுதலாக ஏற்றுச் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு வேலையை ஏன் விட வேண்டும் என்று காரணத்தோடு சொன்ன பிறகே என்னை வியூகம் அறிந்தவனாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதற்கு இணையாக நான் மதிப்பது முடிவுக் குறிப்பேடு. ஒரு முடிவை எடுக்கும் நாளிலேயே அதன் காரணத்தையும் எதிர்பார்க்கும் விளைவையும் எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும். எழுதி அனுப்பும் ஒவ்வொரு பக்கமும் இரண்டே நாளில் திருத்தக் குறிப்புகளோடு திரும்பி வந்தது. நான் காரணம் என்று நம்பி எழுதிய ஒரு பத்தியின் ஓரத்தில், இது உங்கள் விருப்பம், காரணம் அன்று என்று பயிற்றுநர் குறித்திருந்ததை இன்றும் மறக்கவில்லை. ஒரு திட்டம் ஓராண்டில் தோற்றுவிட்டதாகவே கொண்டு அதற்கான காரணங்களை முன்கூட்டியே எழுதும் முறை, 2007இல் உளவியலாளர் கேரி கிளைன் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. பயிற்சியின் பகுதியாக அதைச் செய்து பார்த்தபோது, எங்கள் அறுவர் குழுவில் அதிகம் பேசாதவரே முதன்மையான ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்.

ஏழாவது வாரம் எனக்கு வருத்தமளித்தது. நற்பெயரை வளர்ப்பது என்ற தலைப்பில், கூட்டத்தில் முதலில் பேசுவது எப்படி, சமூக வலைதளப் பக்கத்தை அழகுபடுத்துவது எப்படி என்று இரண்டு அமர்வுகளைச் செலவிட்டார்கள். முந்தைய நான்கு வாரங்கள் கற்றுத்தந்ததற்கு இது நேர் எதிரானது. அந்த வாரத்தில் உருப்படியாகக் கிடைத்தது ஒன்றே: எந்தப் பரிந்துரையிலும், அதைத் தேர்ந்தெடுத்தால் எதை இழக்கிறோம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து எழுதும் பழக்கம்.

சக ஊழியர்களிடமிருந்து கருத்துப் பெறும் கணக்கெடுப்பைத் தொடக்கத்தில் மட்டுமே நடத்தினார்கள் என்பது இன்னொரு குறை. இறுதியிலும் நடத்தியிருந்தால் மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும் என்று அறிவித்திருந்தாலும் எனக்கு ஆறு மணி நேரம் தேவைப்பட்டது. மேலும், தன் பொறுப்பில் ஒரு சிறு முடிவையாவது எடுக்க முடியாத நிலையில் இருப்பவருக்குப் பயிற்சிகள் வெறும் ஏட்டு வேலையாகிவிடும். அத்தகையோர் சில காலம் பொறுத்துச் சேரலாம். மற்றவர்கள், தம் பிரிவில் நடக்கும் எல்லா வேலைகளின் பட்டியலையும் மூன்றாவது வாரத்துக்கு முன்பே தயாரித்து வைத்துக்கொள்வது நல்லது.