மைசூரில் இன்லே படம் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்

அக்காவின் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்க, தசரா லீவில் மைசூர் போனபோது ஒரு ரோஸ்வுட் இன்லே படம் வாங்கினேன். ரோஸ்வுட் என்றால் ஈட்டி மரம்; அந்தப் பலகையில் வேறு வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்துச் செய்கிற படம். அம்பாரி யானை, இரண்டடிக்கு ஒன்றரை அடி, 8,500 ரூபாய். கடையில் நான் பார்த்ததெல்லாம் நிஜம். வாங்கி வந்தது மட்டும்தான் பொய்.

அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர், "வாங்க வேண்டாம் சார், சும்மா பாருங்க" என்று கூட்டிப் போனார். (அப்போதே இறங்கியிருக்க வேண்டும்.) கடை முகப்பில் ஒரு பெரியவர் இழை போன்ற ரம்பத்தால் மெல்லிய மரத்தகட்டை அறுத்துக்கொண்டிருந்தார். யானையின் காது ஒரு துண்டு, தும்பிக்கை ஒரு துண்டு. மஞ்சளுக்குப் பலா, அடிப்பலகை ஈட்டி மரம். சாயமே கிடையாது, மரத்தின் சொந்த நிறம்தான். பலகையில் பள்ளம் தோண்டி, துண்டுகளைப் பசை வைத்துப் பொருத்தி, தேய்த்து மெருகேற்றுகிறார்கள். கண், நகை மாதிரி நுணுக்கமான இடங்களில் மட்டும் தூரிகை. சற்று முன் அரண்மனையில் அம்பாவிலாஸ் மண்டபக் கதவில் பார்த்தேனே, ஈட்டியில் தந்தம் பதித்தது, அதே கைவேலை. தந்தத்துக்குத் தடை வந்தபின் அந்த இடத்தை வெளிர்நிற மரங்கள் பிடித்துக்கொண்டன. அந்தப் பெரியவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

சுவரில் மாட்டியிருந்த யானையைத் தடவிப் பார்த்துத்தான் பேரம் பேசினேன். 14,000-இல் ஆரம்பித்து 8,500-க்கு இறங்கியது. "இது டிஸ்ப்ளே பீஸ் சார், அழுக்காயிருக்கும். உள்ளேயிருந்து புதுசு தர்றோம்" என்றார்கள். சுற்றிக் கட்டியே கொண்டுவந்தார்கள். நானும் பிரிக்கவில்லை.

அக்கா வீடு கடலூரில். கார்த்திகை மழைக்கு ஓரம் தூக்கிக்கொண்டது. "மாப்ள, உன் யானைக்குத் தோல் உரியுதுடா" என்று மாமா போன் செய்தார். போய்ப் பார்த்தால் மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்த பிரிண்ட் பேப்பர், அடியில் மரநாரை ஒட்டி அழுத்திய எம்டிஎஃப் பலகை, டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி ஊறி நின்றது.

பக்கத்துத் தெரு ஆசாரி பார்த்ததும் சிரித்துவிட்டார். ஒவ்வொரு துண்டுக்கும் மர ரேகை வேறு வேறு பக்கம் ஓடணுமாம். வெளிச்சத்தில் சாய்த்தால் காது ஒரு மாதிரி, உடம்பு ஒரு மாதிரி மின்னணுமாம். என் யானை முழுசும் ஒரே மினுக்கு. போன் கேமராவில் ஜூம் செய்தால் அச்சுப் புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றன. எடையாவது உறைத்திருக்க வேண்டும். ஈட்டிப் பலகை கனக்கும். நான் ஒரே கையால் பஸ்ஸில் மேல்தட்டில் தூக்கி வைத்தேன்.

கடைக்குப் போன் போட்டேன். "ரோஸ்வுட்னு பில்லுல எங்க சார் இருக்கு?" என்றார்கள். உண்மைதான். 'ஹேண்டிகிராஃப்ட் ஐட்டம் – 1' என்றுதான் இருக்கிறது.

ஆகவே, கண்ணால் பார்த்த அந்தப் பீஸையே சுவரிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். 'ரோஸ்வுட் இன்லே' என்று பில்லில் எழுதித் தரத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

படம் இப்போது பரணில் கிடக்கிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பால் காய்ச்சிய அன்று வந்தவர்களிடமெல்லாம், "ரோஸ்வுட், தம்பி மைசூர்லேருந்து வாங்கிட்டு வந்தான்" என்று கூட்டிப் போய்க் காட்டினாளே, அதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.