ஆல்ஃபா வகுப்பு: படம் சுமார், வட்டம் அருமை

படித்தவர்கள், எதற்கும் ஆதாரம் கேட்பவர்கள், வேறு மதத்தில் ஊறியவர்கள் அல்லது எந்த மதமும் வேண்டாம் என்பவர்கள். இவர்களிடம் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேசலாம் என்று ஒரு சபை யோசித்தால், யாராவது ஒருவர் கட்டாயம் "ஆல்ஃபா நடத்தலாமே" என்பார். லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற ஆங்கிலிக்கன் சபையில், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்காக 1977இல் தொடங்கிய வகுப்பு இது. 1990இல் பொறுப்புக்கு வந்த நிக்கி கம்பெல் முன்பு வழக்கறிஞராக இருந்தவர். வகுப்பை சபைப் பழக்கமே இல்லாதவர்களுக்காக மாற்றியமைத்தவர் அவர்தான். இன்று நூறு நாடுகளுக்கு மேல் ஓடுகிறது. கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தேயினரும்கூட நடத்துகிறார்கள். தமிழ்ச் சபை ஒன்று இதை எடுத்து நடத்தினால் எது வேலை செய்யும், எங்கே இடிக்கும் என்று பார்ப்போம்.

முதலில் செலவு. வருகிறவருக்குக் கட்டணம் இல்லை. நடத்தும் சபைக்கும் இல்லை. இணையத்தில் பதிந்தால் படங்கள், கேள்வித் தாள்கள், பயிற்சிக் காணொளிகள் எல்லாம் இலவசம். சாப்பாடு, இடம், நடுவில் வரும் வார இறுதி முகாம் இவைதான் கைக்காசு.

அமைப்பு எளிது. வாரம் ஒரு மாலை, சுமார் பத்து வாரம். முதலில் சாப்பாடு, பிறகு அரை மணி நேரப் படம் அல்லது நேரடி உரை, கடைசியில் முக்கால் மணி நேரம் சிறு வட்டமாக உட்கார்ந்து பேச்சு. ஒரு வட்டத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அதில் நான்கு பேர் சபையார்: இரண்டு பேர் நடத்துபவர்கள், இரண்டு பேர் உதவியாளர்கள். சொன்ன நேரத்துக்கு முடித்தே ஆக வேண்டும், பேச்சு சூடாக இருந்தாலும். வராமல் நின்றவரைத் தொலைபேசியில் துரத்தக் கூடாது. நம்மூர் ஊழியப் பழக்கத்துக்கு இந்தக் கடைசி விதிதான் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் சந்தேகத்தோடு வருகிறவர் இரண்டாம் வாரமும் வருவதற்குக் காரணமே அந்த விதிதான்.

இதில் உண்மையான சரக்கு அந்த வட்டம். நடத்துபவர் பதில் சொல்லக் கூடாது என்பதே பயிற்சியின் சாரம். உதாரணத்துக்கு, வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர் கேட்கிறார்: "எல்லா நதியும் கடலுக்குத்தானே போகுது? உங்க இயேசு மட்டும் எப்படி ஒரே வழி?" பழக்க தோஷத்தில் நம் ஆள் உடனே 'நானே வழி' என்று இயேசு சொல்லும் யோவான் 14:6ஐ ஒப்பிப்பார். அதோடு வட்டம் முடிந்தது. அடுத்த அரை மணி நேரம் அது வேதபாட வகுப்பு. பயிற்சி பெற்றவர் "நல்ல கேள்வி சார். மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?" என்று விட்டுவிடுவார். அப்போது பக்கத்து நாற்காலியில் இருக்கும் கருஞ்சட்டைத் தம்பி "எல்லா நதியும் கூவம்தான் சார்" என்பான். சிரிப்பு அடங்கியதும் அந்த வட்டத்தில் மூன்று உலகப் பார்வைகள் ஒன்றோடொன்று மோத ஆரம்பிக்கும், சபையார் வாயே திறக்காமல். உதவியாளர்கள் இருவரும் அநேகமாகப் பேசவே கூடாது. எவ்வளவு பேச்சு சபையார் பக்கமிருந்து வருகிறது என்று ஒருவர் மனசுக்குள் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த வட்டம் பழுது.

படம்தான் சுமார். 2016இல் வந்த படத்தொடர் தயாரிப்பில் நேர்த்தியானது, பார்க்க அலுக்காது. ஆனால் அது பதில் சொல்லும் ஆள் வேறு. ஞாயிறு பள்ளிக்குப் போய், பிறகு விட்டுவிட்டு, நாற்பது வயதில் 'வாழ்க்கை இவ்வளவுதானா' என்று யோசிக்கும் ஆங்கிலேயர் அவர். முதல் உரையே அந்த வெறுமையிலிருந்துதான் தொடங்குகிறது. 'கடவுளை மற, மனிதனை நினை' என்று வளர்ந்த குடும்பத்துப் பையனுக்கு அந்த வெறுமை கிடையாது. அவன் கோபத்தோடு வருகிறான். கடவுள் உண்டா இல்லையா என்பதற்கென்று பத்து வாரத்தில் ஒரு மாலைகூட ஒதுக்கப்படவில்லை என்பது அவனுக்கு முதல் வாரமே தெரிந்துவிடும்.

இரண்டாம் உரை 'இயேசு யார்?'. இதில் இரண்டு இடங்களில் படித்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒன்று, கையெழுத்துப் பிரதிக் கணக்கு. சீசரின் போர்க் குறிப்புகளுக்கு ஒன்பது பத்துப் பிரதிகள், புதிய ஏற்பாட்டுக்கோ கிரேக்கத்தில் மட்டும் 5,000க்கு மேல் என்ற ஒப்பீடு. சீசருக்குச் சொல்லும் எண் பழைய கணக்கு. இன்று தெரிந்த பிரதிகள் அதைவிடப் பல மடங்கு. அந்த 5,000த்தில் பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. இவற்றை விட்டாலும் அடிப்படைக் குழப்பம் ஒன்று இருக்கிறது: பிரதிகள் நிறைய இருந்தால் மூலபாடத்தை நிறுவலாம், நடந்த சம்பவத்தை நிறுவ முடியாது. இதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டாம். உ.வே.சா. ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதனால் சீவகன் எட்டுப் பெண்களை மணந்தது வரலாறு ஆகிவிட்டதா என்று ஒரு தமிழாசிரியர் கேட்டால் வட்டம் கப்சிப். அந்தப் பகுதி வரும்போது "இது பாடம் சிதையாமல் வந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சான்று" என்று நடத்துபவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. ஒப்புக்கொண்ட பலவீனம் பிடிபட்ட பலவீனத்தைவிட மேல்.

இரண்டாவது, தன்னைக் கடவுளாகச் சொன்ன இயேசு 'பைத்தியம், அல்லது ஏமாற்றுக்காரர், அல்லது கடவுள்'தான் என்ற மூன்று வழிச் சந்து. மேல்நாட்டு நாத்திகர் நான்காவதாக 'கட்டுக்கதை' என்பார். அதற்கு உரையில் ஓரளவு பதில் உண்டு. நம் ஊரில் வரும் ஐந்தாவது வழிக்கு எதுவுமே இல்லை. 'நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்' என்றால் அத்வைதம் படித்தவருக்கு அதில் அதிர்ச்சி எங்கே? 'அகம் பிரம்மாஸ்மி' என்று உபநிடதமே சொல்கிறது. அவர் தலையாட்டி ஏற்றுக்கொள்வார், அத்தோடு வாதம் செத்துவிடும். இங்கே பொருந்துவது மாற்கு 2ஆம் அதிகாரம். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட, உடல் முடங்கிய திமிர்வாதக்காரனிடம் இயேசு, "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்கிறார். உங்களுக்கு ஒருவன் செய்த துரோகத்தை மூன்றாவது ஆள் வந்து மன்னிக்க முடியுமா என்று கேளுங்கள். இந்தக் கேள்வி அத்வைதிக்கும் உறுத்தும், பகுத்தறிவாளருக்கும் உறுத்தும்.

மூன்றாம் உரை சிலுவை. நண்பனுக்கு அபராதம் விதித்துவிட்டு, இறங்கி வந்து தானே அதைக் கட்டிவிடும் நீதிபதியின் கதை வரும். வழக்கறிஞர் யாராவது இருந்தால் தீர்ந்தது: அபராதத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம், தூக்குத் தண்டனையை யார் மாற்றி வாங்குவது? அதைவிடக் கனமாக வருவது கணியன் பூங்குன்றனார்தான். 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஒருவர் வினையை இன்னொருவர் சுமப்பது என்ற பேச்சே அந்நியமாகிவிடும். வினைக் கொள்கையை அங்கே உடைக்கப் போகாதீர்கள். "உங்கள் கணக்கில் மன்னிப்பு எங்கே வருகிறது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது போதும். சைவ சித்தாந்தம் தெரிந்தவர் 'அருள்' என்பார். பேச்சு அங்கேதான் சுவையாகும்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டனில் அது விருந்தோம்பல். இங்கே சோற்றுக்காக மதம் மாறியவன் என்ற பொருளில் 'அரிசிக் கிறிஸ்தவன்' என்ற வசவுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரியாணி போட்டால் அன்று இரவே கதை கிளம்பும். மதமாற்றத் தடைச் சட்டம் உள்ள மாநிலங்களில் பரிசுப்பொருளையும் 'ஆசை காட்டுதல்' கணக்கில் சேர்க்கிறார்கள். ஆகவே தேநீர், சுண்டல், வாழைப்பழம் போதும். அல்லது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரட்டும். சைவம் மட்டும் வையுங்கள். கரண்டி மாறியது என்ற ஒரே காரணத்துக்காக மூன்றாம் வாரம் வராமல் போகிறவர்கள் உண்டு.

சபையைப் பற்றிய உரை பத்தாம் வாரம், கடைசியில். நம் ஊரில் அந்தக் கேள்வி முதல் வாரமே வரும்: திருச்சி கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் சுவர் என்ன, வடக்கன்குளத்தில் சாதிக்கொரு கூடமாகக் கோவில் கட்டியது யார்? அதைப் பத்து வாரம் தள்ளிப்போட்டால் நடத்துபவர் மழுப்புகிறார் என்றே அர்த்தம். முன்னுக்குக் கொண்டுவந்து, உண்மை என்று ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். 'அதெல்லாம் அந்தக் காலம்' என்ற வாக்கியத்துக்குத் தடை போடலாம்.

மொழி இன்னொரு சிக்கல். மேசையில் வைக்கப் பழைய மொழிபெயர்ப்பு வேண்டாம், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் நல்லது. 'தேவன்', 'கிருபை', 'விசுவாசம்' என்று போவதைவிடக் 'கடவுள்', 'அருள்', 'நம்பிக்கை' காதில் ஏறும். 'இரத்தத்தால் கழுவப்பட்டு' என்பதை வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஆவி' மட்டும் தப்பிக்க முடியாதது. புதிதாக வருகிறவருக்கு அது பேய், அல்லது இட்லி.

அந்தத் தூய ஆவியைப் பற்றித்தான் வார இறுதி முகாம், பாதி வழியில். மூன்று உரைகள், கடைசியில் ஜெபம், 'அந்நிய பாஷை', அதாவது ஆவியின் ஏவலால் தெரியாத மொழியில் பேசுவது பற்றிய பேச்சும் உண்டு. வாதத்துக்காக வந்தவருக்கு இது பொறி வைத்தது போல் தோன்றும். முதல் மாலையே "ஏழாவது வாரம் இப்படி ஒன்று இருக்கிறது, வராவிட்டாலும் எட்டாவது வாரம் வரலாம்" என்று சொல்லிவிட்டால் பாதிக் கசப்பு குறையும். ஒரே பகலாகச் சுருக்கினாலும் நஷ்டமில்லை.

வட்டத்தில் எல்லோரும் வாசிக்கிற ரகம் என்றால், லண்டன் ஆல் சோல்ஸ் சபையிலிருந்து வந்த 'கிறிஸ்டியானிட்டி எக்ஸ்ப்ளோர்ட்' பொருந்தும். ஏழு மாலைகள், மாற்கு நற்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு. வாதம் குறைவு, மூலபாடம் அதிகம். தமிழாசிரியரும் வழக்கறிஞரும் இதில் அதிகம் மல்லுக்கட்ட மாட்டார்கள். ஆனால் அங்கே நடத்துபவர் பேச்சு கொஞ்சம் கூடுதல். ஆல்ஃபாவின் வட்ட விதிகளை எடுத்து இதன் பாடத்தோடு சேர்த்தால் இரண்டையும்விட நன்றாக வரும்.

எப்போது தொடங்குவது? ஜூன் இரண்டாம் வாரம். பள்ளி திறந்த பரபரப்பு அடங்கியிருக்கும், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குள் பத்து மாலையும் முடிந்துவிடும். அக்டோபரில் தொடங்கினால் தீபாவளி ஒரு வாரம், மழை இரண்டு வாரம், பிறகு சபையாருக்கே கிறிஸ்துமஸ் கேரல் வேலை வந்துவிடும். வட்டத்தில் விருந்தினர் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள்.