பழைய பிக்கப்புக்கு ரிவர்ஸ் கேமரா: எங்கே மாட்டுவது?

முதலில் கேமரா செட்டைப் பற்றி. கொடுத்த காசுக்குப் பழுதில்லை. பகலில் படம் தெளிவு, இரவில் ரிவர்ஸ் லைட் வெளிச்சமே போதுகிறது. பெட்டியில் 170 டிகிரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த மாதிரி எண்கள் பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்தவை, பக்கவாட்டில் அதைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

கூட வந்த தாளில் ‘வண்டியின் பின்புறம் பொருத்தவும்’ என்று ஒரே வரி. காருக்கு அது போதும். பிக்கப்பில் எந்தப் பின்புறம்? பின்கதவு கீழே சாய்கிறது, பாடியில் சரக்கு நிற்கிறது, பம்பர் சேற்றில் குளிக்கிறது.

எல்லோருக்கும் முதலில் கண் போவது கதவுக் கைப்பிடி பக்கம்தான். நல்ல உயரம், நடு இடம், புது வண்டிகள் பலவற்றில் கம்பெனியே அங்கேதான் வைக்கிறது. ஆனால் நான் பிளம்பிங் வேலை செய்பவன். நீளமான பைப் ஏற்றினால் கதவைச் சாய்த்துப் போட்டுத்தான் ஓட்டியாக வேண்டும். கதவு சாய்ந்ததும் கேமரா தரையைப் பார்க்கிறது, திரை முழுக்க வெறும் ரோடு. போதாக்குறைக்கு, கீல் பக்கம் வயர் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிரும். அங்கே கொஞ்சம் தாராளமாக வயர் விடாவிட்டால் உள்ளே செம்பு அறுந்து படம் விட்டு விட்டு வரும்.

கேபின் உச்சியில், மூன்றாவது பிரேக் லைட் பக்கம் வைத்தால் சேறு படாது, சரக்கையும் பார்த்துக்கொண்டே போகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கேமரா 1.8 மீட்டர் உயரத்தில், மூடிய கதவின் மேல் விளிம்பு 1.2 மீட்டரில், பாடி நீளம் 1.8 மீட்டர் என்றால், கதவுக்குப் பின்னால் 3.6 மீட்டர் தள்ளித்தான் தரையே கண்ணில் படும். ஒரு மீட்டர் உயரக் குழந்தை கதவை ஒட்டி நின்றால் தலைகூடத் தெரியாது. தார்ப்பாய் போட்டால் அதுவும் போச்சு. ரிவர்ஸ் எடுக்க இது ஆகாது.

கடைசியில் பம்பரில், நம்பர் பிளேட்டுக்குச் சற்று மேலே மாட்டினேன். துளை போடுவதற்கு முன் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, 12 வோல்ட் பேட்டரி கொடுத்து, பின்னால் ஒரு பக்கெட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். திரையின் அடியில் பம்பர் விளிம்பு ஒரு கீற்றாகத் தெரிகிற சாய்வுதான் சரி. அப்போதுதான் பக்கெட்டுக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குப் புரிகிறது. கதவு திறந்திருந்தால் படத்தின் மேல்பகுதி மறைகிறது, தரை மறைவதில்லை. அந்த நேரத்தில் பம்பரை நம்பாமல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கதவு முனையிலிருந்து தூரத்தைக் கணக்கிட வேண்டும், அவ்வளவுதான். நம்பர் பிளேட் விளக்கு நேராக லென்ஸில் அடித்தால் இரவில் படம் வெளுத்துப்போகிறது. ஓரிரு விரல்கடை தள்ளி வைத்ததும் சரியானது.

தூரம் காட்டத் திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் ஏதோ ஒரு உயரத்துக்கும் சாய்வுக்கும் வரைந்தவை. என் வண்டியில் சிவப்புக் கோட்டுக்கு அப்பால் இருந்த பக்கெட் பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த மாடலில் சின்னதாக ஒரு வயர் வளையம் வருகிறது, அதை வெட்டினால் கோடுகள் போய்விடும். வெட்டிவிட்டேன், நிம்மதி.

வயரிங்கில் பெரிய வித்தை இல்லை. ரிவர்ஸ் லைட்டிலிருந்து பவர், சேஸிஸை ஒட்டிக் கேபிள், சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி. எர்த் மட்டும் கவனம்: பழைய வண்டியில் பெயின்டையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முறுக்குங்கள். இல்லாவிட்டால் திரையில் கோடு கோடாக ஓடும்.

குறை இரண்டு. கேமராவுக்கு ஐபி67 தரம், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். ஆனால் கேபிளை இணைக்கும் மஞ்சள் பின்னுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை, மழைத் தண்ணீர் நேராக இறங்கும். அதைக் கேபினுக்குள் இழுத்துவிட்டேன். இன்னொன்று, பிராக்கெட்டோடு வந்த திருகுகள் சாதா இரும்பு. முதல் மழையிலேயே துரு வழிந்து பம்பரில் கறை. ஸ்டெயின்லெஸ் திருகு நானே வாங்கிப் போட்டேன்.

ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று திருகுக்காகக் குறைத்தது.