பக்கவாதத்துக்கு சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

போன மார்கழியில் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் அப்பா கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. வாய் கோணி, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். "எம்.ஆர்.ஐ.தான் தெளிவாத் தெரியுமாம், பாண்டிக்கே போயிடலாம்டா" என்றார் பெரியப்பா.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ரத்தக்குழாய் அடைத்த முதல் சில மணி நேரத்தில் சி.டி. பெரும்பாலும் ஒன்றுமே இல்லாததுபோல் காட்டும். எம்.ஆர்.ஐ.யில் பாதித்த இடம் சீக்கிரமே தெரிந்துவிடும். சிறுமூளை, மூளைத்தண்டு என்றால் அதுதான் கெட்டி. கதிர்வீச்சும் கிடையாது.

ஆனாலும் அந்த நேரத்துக்கு சி.டி.தான் என்பேன். டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது, அடைப்பா, ரத்தக்கசிவா என்பதுதான். புதிய கசிவு சி.டி.யில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சில நிமிட வேலை. எம்.ஆர்.ஐ.க்கு வெகுநேரம் அசையாமல் படுக்க வேண்டும். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உடம்பில் இருந்தால் அதற்குத் தனி யோசனை.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு இருக்கும்போது போட்டால் உயிருக்கே ஆபத்து. பாண்டி ரோட்டு நெரிசலில் கரைவது அந்த நேரம்தான்.

அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. மறுநாள் எடுத்தோம்.