பாம்பனில் வீட்டுக்கே வந்து நெட்வொர்க் பழுது பார்த்த சேவை: என் மதிப்பீடு

இராமநாதபுரத்திலிருந்து பாம்பன் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் என்பதால், கணினி பழுதென்று சொன்னால் கடைக்காரர்கள் பெரும்பாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பழுது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்ததால், வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு சிறிய கடையை அழைத்தேன். விளம்பரம் வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை.

கீழ்த்தளத்தில், என் மனைவி கருவாட்டு வியாபாரக் கணக்கு எழுதும் பழைய விண்டோஸ் 7 கணினி இருக்கிறது. மாடியில், புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 மடிக்கணினியும் அதனுடன் வாங்கிய இரண்டாவது ரவுட்டரும் இருக்கின்றன. பழைய மடிக்கணினி இருந்தவரை மாடியிலிருந்தே கணக்குக் கோப்புகளைத் திறந்துவந்தேன். புதியதில் கீழ்க்கணினியின் பெயர்கூடத் தெரியவில்லை. முதலில் பார்த்த வேறொருவர் இரண்டு கணினிகளிலும் ஃபயர்வால் என்னும் பாதுகாப்புத் தடுப்பை அணைத்து, கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி 1 என்னும் பழைய நெறிமுறையை இயக்கிவிட்டு, அப்படியும் வேலை நடக்காதபோது ஃபார்மட் செய்யலாம் என்றார். நல்லவேளையாக நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கடையிலிருந்து வந்த இளைஞர், சொன்ன நாளுக்கு மறுநாள்தான் வந்தார். அது ஒரு குறை. ஆனால் வந்ததும் மௌஸைத் தொடாமல், எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்து ஒரு தாளில் வரைந்துகொண்டார். அணைத்திருந்த ஃபயர்வால்களை மறுபடி இயக்கி, எஸ்எம்பி 1-ஐ நீக்கினார். விண்டோஸ் 7 எஸ்எம்பி 2.1 வரை புரிந்துகொள்ளும் என்பதால் அந்தப் பழைய நெறிமுறைக்கு இங்கே வேலையே இல்லை என்றும், 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் என்றும் விளக்கினார்.

பிறகு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங்கை இரு பக்கமும் கொடுத்துப் பார்த்தார். மாடியிலிருந்து அனுப்பியதற்குக் கீழே இருந்து பதில் வந்தது. கீழிருந்து அனுப்பியது மாடிக்கு ஏறவே இல்லை. கீழ்க்கணினியின் முகவரி 192.168.1 என்றும் மடிக்கணினியின் முகவரி 192.168.0 என்றும் தொடங்கின. "அண்ணே, உங்க வீட்டுல இப்ப ரெண்டு தெரு இருக்கு, மாடித் தெருவுக்குக் கதவு ஒரு பக்கம்தான் திறக்குது" என்றார். இரண்டாவது ரவுட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே நீட்டிக்கும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றியதும் இரண்டும் ஒரே வரிசை முகவரிக்கு வந்துவிட்டன, கீழ்க்கணினியின் பெயரும் தெரிந்தது.

ஆனாலும் கோப்புறை திறக்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்று திரை சொன்னது. வீட்டில் இருப்பது நானும் மனைவியும்தான், எந்த நிறுவனமோ! கீழ்க்கணினியில் கடவுச்சொல் இல்லாத பகிர்வை நான்தான் எப்போதோ வைத்திருந்தேன். மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு அப்படிப்பட்ட விருந்தினர் நுழைவை இயல்பாகவே மறுத்துவிடுகிறது. மடிக்கணினியில் அந்தத் தடையை நீக்க வழி இருந்தும் அவர் அதைச் செய்யாமல், கீழ்க்கணினியில் கடவுச்சொல்லுடன் தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, கடவுச்சொல் பாதுகாப்புள்ள பகிர்வை இயக்கினார். மடிக்கணினியில் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை கொடுத்ததும் கோப்புறை திறந்தது. இந்த இடத்தில்தான் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

கடைசியாக, கோப்பு நகலெடுக்கும் வேகம் விநாடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் போகவில்லை என்று சொன்னேன். 100 மெகாபிட் இணைப்பின் வேகம் அது என்றவர், நேராக மாடிக்குப் போகும் கம்பியின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். எட்டு ஊசிகளில் இரண்டில் பச்சைப் பாசிபோல் களிம்பு ஏறியிருந்தது. ஜன்னலோரமாக வரும் கம்பி அது. கச்சான் காற்று கொண்டுவரும் உப்பு இங்கே இரும்பைத்தான் தின்னும் என்று நினைத்திருந்தேன். கிகாபிட் வேகத்துக்கு எட்டு இழைகளும் வேண்டும், நான்கு மட்டும் ஒழுங்காக இருந்தால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். முனையை வெட்டிப் புதிதாக ஆர்ஜே45 என்னும் கம்பிமுனைச் செருகியைப் போட்ட பிறகு, வைஃபை வழியாகவே ஏறக்குறைய 40 மெகாபைட் கிடைத்தது.

போக்குவரத்தும் சேர்த்து 700 ரூபாய் வாங்கினார். இரண்டரை மணி நேர வேலைக்கு அது நியாயமே. கேட்டும் ரசீது தரவில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டதால் அந்தக் கணினியைச் சீக்கிரம் மாற்றுமாறு சொன்னவர், அதன் முகவரியை ரவுட்டரில் நிலையாக ஒதுக்கிவைக்க மறந்துவிட்டார். ஐந்தாம் நாள் மின்வெட்டுக்குப் பிறகு முகவரி மாறி, நான் இணைத்து வைத்திருந்த டிரைவ் திறக்கவில்லை. தொலைபேசியில் அழைத்தேன், தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, ரவுட்டரின் பக்கத்தில் எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று பத்து நிமிடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதற்குக் காசு கேட்கவில்லை. அடுத்த பழுதுக்கும் இவர்களைத்தான் அழைப்பேன், ரசீதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிட்டு.