தானாக நீர் ஊறும் தொட்டி: எந்தச் செடிக்கு ஒத்துவரும், எதற்கு ஆகாது

அடியில் நீர்த்தேக்கம் உள்ள தொட்டிகளை "மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும்" என்று சொல்லி விற்கிறார்கள். அந்தக் கணக்கு நிழலில் நிற்கும் சின்னச் செடிக்கு வேண்டுமானால் பொருந்தும். கோடையில் பூத்து நிற்கும் காசித்தும்பை, 3 லிட்டர் தேக்கத்தை ஒரு வாரத்தில் உறிஞ்சி முடித்துவிடும். ஆனாலும் இது நல்ல தொட்டிதான். சரியான செடியும் சரியான கலவையும் அமைந்தால் வாடல் என்ற பேச்சே இருக்காது.

அமைப்பு எளிது. வெளித்தொட்டி, உள்ளே கலவையைத் தாங்கும் துளைத்தட்டு, தட்டிலிருந்து நீருக்குள் இறங்கும் ஒன்றிரண்டு கால்கள், நீர் ஊற்றும் குழாய், அளவு காட்டும் மிதவை, மிஞ்சிய நீர் வெளியேறப் பக்கவாட்டில் ஒரு துளை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, கால்களில் உள்ள கலவை நீரை மேலே இழுக்கிறது. காலுக்குப் பதில் திரி வைத்த வகையும் உண்டு. பருத்தித் திரி சில மாதங்களில் மக்கிவிடும். நைலான் திரி நிலைத்து நிற்கும்.

பலரும் தவறுவது கலவையில்தான். தோட்டத்துக் களிமண்ணைப் போட்டால் அது நீரை இழுத்துக்கொண்டு விடாது. காற்று புகாமல் வேர் கறுத்து நாறும். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (காற்றோட்டம் தரும் லேசான வெள்ளைக் குருணை) 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு போதும். முதலில் கால்களை ஈரக் கலவையால் விரல்விட்டு அழுத்தி நிரப்புங்கள். அங்கே இடைவெளி விழுந்தால் நீர் மேலே ஏறாது. தேக்கம் நிறைந்திருக்கும்போதே செடி வாடும். கால்களில் மட்டும்தான் அழுத்த வேண்டும், மேலே பொலபொலவென்று இருக்கட்டும். நட்டபின் 2 முதல் 3 வாரம் வழக்கம்போல மேலிருந்தே தண்ணீர் விடுங்கள். வேர் கீழே இறங்கியபிறகுதான் தேக்கத்தை நம்பலாம்.

பீஸ் லில்லி, பெரணி, ஆப்பிரிக்க வயலட், மணி பிளான்ட், காசித்தும்பை, கல்வாழை எல்லாம் இதில் செழிக்கும். ஆப்பிரிக்க வயலட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தொட்டி இல்லை என்றே சொல்லலாம், அதன் இலைமேல் குளிர்ந்த நீர் பட்டால் புள்ளி விழும். கற்றாழை, ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட், அடீனியம் நான்கையும் இதில் வைக்கவே வைக்காதீர்கள். காகிதப்பூவுக்கும் வேண்டாம். அது கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும்; ஓயாத ஈரத்தில் இலையாகத் தழைக்கும்.

மழைக்காலத்தில் இந்தத் தொட்டியின் உயிரே அந்தப் பக்கத்துளைதான். வேரோ மண்ணோ அடைத்தால் தட்டுக்கு மேலும் நீர் ஏறி, செடி மூழ்கிப் போகும். கம்பி விட்டு வாரம் ஒருமுறை குத்திப் பாருங்கள். வீட்டுக்குள் வைக்க என்று துளையை ரப்பர் மூடியால் அடைத்து விற்பார்கள். வெளியே வைத்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். குளிர்காலத்தில் செடி குடிப்பது குறையும். தேக்கம் காலியான உடனே நிரப்பாமல் 3 முதல் 5 நாள் விட்டு நிரப்புங்கள், அந்த இடைவெளியில்தான் அடிவேருக்குக் காற்று கிடைக்கும். உறைபனி விழும் இடமானால் தேக்கத்தை வடித்துவிடுங்கள். நீர் உறைந்து விரிந்து பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும்.

நீர் கீழிருந்து மேலே ஏறி ஆவியாவதால் உப்பு மேல்பரப்பில் தங்கும். வெள்ளைப் படலமும் கருகிய இலைநுனியும் அதன் அடையாளம். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி முழுதும் வடியவிடுங்கள். உரக்கரைசலைத் தேக்கத்தில் விட்டால் பாதி அடர்த்தியே போதும். பிண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம் போன்றவை உள்ளே அழுகி நாறும். அவற்றை மண்ணின் மேலேயே கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

கொசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். ஊற்றும் குழாயின் வாயையும் பக்கத்துளையையும் கொசுவலைத் துணியால் மூடுங்கள். நீர்மட்டம் பார்க்கக் கண்ணாடி போன்ற ஜன்னல் வைத்த மாடலில் வெளிச்சம் புகுந்து பாசி படரும். மிதவை உள்ள மாடலே மேல், ஆனால் அதுவும் சில சமயம் உப்பில் சிக்கி நின்றுவிடும். அவ்வப்போது தூக்கிவிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது துளைத்தட்டு கழற்றக்கூடியதா, ஊற்றும் குழாயில் விரல் நுழையுமா என்று பாருங்கள். தட்டு கழலாவிட்டால் வேர் அடைத்த கால்களைச் சுத்தம் செய்ய வழியில்லை. தொங்கவிடும் வகையானால் 3 லிட்டர் நீர் என்பது 3 கிலோ கூடுதல் எடை. கொக்கி அதைத் தாங்க வேண்டும்.

திரி வகை வாங்கினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஒட்ட நறுக்கிவிடுங்கள். கூடு கட்டும் பருவத்தில் பறவைகள் அதைப் பிரித்து எடுத்துப்போகும். குஞ்சின் காலில் நூல் சுற்றினால் அது கூட்டைவிட்டுப் பறக்கவே முடியாது. தேக்கம் மூடியிருப்பதால் பறவைகளுக்கு இதில் குடிக்க வழியில்லை. பக்கத்தில் 3 செ.மீ. ஆழத்தில் ஒரு தட்டு வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி நீர் மாற்றுங்கள்.